காற்று நிறுத்திய ரயில்

ரயில் நிலையத்தில் வண்டி நிற்கும்போதும் புறப்படும்போதும் பெட்டிகளுக்கு அடியிலிருந்து 'புஸ்ஸ்' என்று காற்று வெளியேறும் ஓசையைக் கேட்டிருப்பீர்கள். பல நூறு டன் எடையுள்ள வண்டியைப் பிடித்து நிறுத்துவது அந்தக் காற்றுதான் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

காற்று பிரேக் 1869ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. அதன் குறைகளை நீக்கிய தானியங்கி வடிவம் 1872இல் வந்தது. ஆனால் அதே அமெரிக்காவில் சரக்கு வண்டிகளில் அது பொதுவாக இடம்பெற மேலும் முப்பது ஆண்டுகள் பிடித்தன. அந்த முப்பது ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான ரயில் தொழிலாளர்கள் உயிரை இழந்தார்கள். அதைப்போல் பல மடங்கு பேர் கையையும் காலையும் இழந்தார்கள். மருந்து கையில் இருந்தும் நோயாளிக்குக் கொடுக்கப்படவில்லை. ஏன்? இந்தக் கேள்விக்கு விடை தேடினால் ஒரு கருவியின் வரலாற்றோடு ஒரு சமுதாயத்தின் வரலாறும் நமக்குத் தெரியவரும்.

இருப்புப்பாதை வளர்த்த நாடு

1860ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சுமார் 30,000 மைல் இருப்புப்பாதை இருந்தது. 1900இல் அது சுமார் 1,93,000 மைலாக, அதாவது மூன்று லட்சம் கிலோமீட்டருக்கும் மேலாக வளர்ந்தது. 1869ஆம் ஆண்டு மே 10ஆம் நாள், கிழக்கிலிருந்து வந்த பாதையும் மேற்கிலிருந்து வந்த பாதையும் யூட்டா பகுதியில் பிராமன்டரி என்னும் இடத்தில் சந்தித்தன. தங்க ஆணி ஒன்றை வைத்து விழா எடுத்தார்கள். அந்த இடத்தின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் அங்கே வருவோம்.

இந்தப் பாதைகளின் வழியாகத்தான் சிகாகோவின் இறைச்சியும், மேற்குச் சமவெளியின் கோதுமையும், பென்சில்வேனியாவின் நிலக்கரியும் நாடெங்கும் சென்றன. தண்டவாளம் வேண்டும் என்பதற்காகவே எஃகு ஆலைகள் எழுந்தன. ஆண்ட்ரூ கார்னெகி 1875இல் பிட்ஸ்பர்க் நகருக்கு அருகே தொடங்கிய பெரும் ஆலையின் முக்கிய உற்பத்தி தண்டவாளமே. ரயில் கம்பெனிகள் சேர்ந்து கடிகாரத்தையே மாற்றின. 1883 நவம்பர் 18 அன்று, ஊருக்கொரு நேரம் என்ற பழைய வழக்கத்தை விட்டு, மண்டல வாரியாகப் பொது நேரத்தை அவை நடைமுறைக்குக் கொண்டுவந்தன.

அதுவரை உலகம் கண்டிராத அளவுக்குப் பெரிய வணிக நிறுவனங்கள் அவை. ஒரே கம்பெனியில் பல்லாயிரம் பேர் வேலை பார்த்தார்கள். பங்குதாரர் ஓர் ஊரில், மேலாளர் வேறோர் ஊரில், வேலை நடப்பது ஆயிரம் மைலுக்கு அப்பால். வண்டியின் கூரை மேல் நிற்பவனை முதலாளி ஒருநாளும் பார்த்திருக்க மாட்டார்.

கூரை மேல் ஓடிய மனிதர்கள்

கூரை மேல் என்று சொன்னது அணிக்காக அல்ல. அந்நாளில் சரக்கு வண்டியின் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனிக் கை பிரேக் இருந்தது. அதைத் திருகும் சக்கரம் பெட்டியின் உச்சியில் இருக்கும். எஞ்சின் டிரைவர் ஊதல் ஊதியதும் 'பிரேக்மேன்' எனப்பட்ட தொழிலாளர்கள் ஓடும் வண்டியின் கூரை மேல் ஓடுவார்கள். ஒரு பெட்டியின் சக்கரத்தைத் திருகி இறுக்கிவிட்டு அடுத்த பெட்டிக்குத் தாவுவார்கள். இரவானாலும், மழையானாலும், கூரையில் பனி உறைந்து கண்ணாடிபோல் வழுக்கினாலும் ஓடியே ஆகவேண்டும். தாழ்வான பாலம் எதிரே வருவதைக் கவனிக்காதவன் தப்புவது அரிது.

பெட்டிகளை ஒன்றோடொன்று மாட்டும் வேலை இதைவிடக் கொடியது. ஒரு பெட்டியின் முனையில் கனத்த இரும்பு வளையம் தொங்கும். மற்றப் பெட்டி மெல்ல நகர்ந்து வரும்போது தொழிலாளி இரண்டுக்கும் நடுவே நின்று, வளையத்தைக் கையால் தூக்கிப் பிடித்து எதிர்ப் பெட்டியின் வாய்க்குள் நுழைத்து, மேலிருந்து ஒரு முளையைச் செருக வேண்டும். ஒரு கணம் தாமதித்தால் விரல் போய்விடும். கால் இடறினால் உயிர் போய்விடும். கையில் எத்தனை விரல் குறைகிறது என்பதைப் பார்த்தே ஒருவனுடைய அனுபவத்தை அளந்துவிடலாம் என்று ரயில் ஆட்கள் பேசிக்கொள்வார்களாம்.

அடிபட்டவருக்குச் சட்டம் என்ன செய்தது? 1842இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு வழக்கு வந்தது. ஃபார்வெல் என்ற எஞ்சின் டிரைவர், பாதையைத் திருப்பிவிடும் சக ஊழியரின் கவனக்குறைவால் வண்டி தடம்புரண்டு வலக்கையை இழந்தார். கம்பெனி நஷ்டஈடு தரவேண்டியதில்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலையில் ஆபத்து உண்டு என்று தெரிந்துதான் அவர் சேர்ந்தார். அந்த ஆபத்துக்கு உரிய விலை கூலியிலேயே அடங்கிவிட்டது என்பது நீதிபதிகளின் வாதம். பிற மாநிலங்களும் இந்த வழியையே பின்பற்றின. ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களோ பிரேக்மேன் என்றாலே தயங்கின. தங்களுக்குள் தாங்களே உதவிக்கொள்வதற்காக அந்தத் தொழிலாளர்கள் 1883இல் நியூயார்க் மாநிலத்தின் ஒனியான்டா என்ற ஊரில் ஒரு சங்கம் அமைத்தார்கள்.

நிறுத்துவது ஏன் இவ்வளவு கடினம்?

இனிக் கொஞ்சம் இயற்பியல். ஓடும் பொருளின் இயக்க ஆற்றல், அதன் நிறையையும் வேகத்தின் இருமடியையும் பெருக்கிப் பாதியாக்கினால் கிடைக்கும். பெட்டி ஒன்றுக்கு 25 டன் வீதம் 40 பெட்டிகள் கொண்ட வண்டி மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். நிறை 1,000 டன், அதாவது 10 லட்சம் கிலோகிராம். வேகம் விநாடிக்கு 10 மீட்டர். கணக்கிட்டுப் பாருங்கள்: இயக்க ஆற்றல் 5 கோடி ஜூல்!

வண்டி நிற்கவேண்டுமானால் இந்த ஆற்றல் முழுவதும் வேறு வடிவம் பெற்றாகவேண்டும். பிரேக் கட்டை சக்கரத்தை அழுத்தும்போது உராய்வினால் அது வெப்பமாகிறது. 5 கோடி ஜூல் வெப்பம் சுமார் 170 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. வேகம் இரண்டு மடங்கானால் இந்த அளவு நான்கு மடங்காகிவிடும் என்பதையும் மறக்கவேண்டாம்.

எஃகுத் தண்டவாளத்தில் எஃகுச் சக்கரம் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. ரயில் சிக்கனமாக ஓடுவதற்கு எது காரணமோ, அதுவே அதை நிறுத்துவதற்குத் தடையாக நிற்கிறது. எஞ்சினில் மட்டும் பிரேக் பிடித்தால் போதாது. பின்னால் வரும் பெட்டிகள் முட்டித் தள்ளும். ஒவ்வொரு பெட்டியின் சக்கரத்தையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பிடிக்கவேண்டும். மூன்று நான்கு பேர் கூரை மேல் ஓடி இதை எப்படிச் செய்ய முடியும்? எஃகுத் தண்டவாளம் வந்த பிறகு பெட்டிகள் கனத்தன, வண்டிகள் நீண்டன, வேகமும் கூடியது. மனிதக் கைகளின் வலு மட்டும் கூடவில்லை.

இருபத்திரண்டு வயது இளைஞர்

ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1846இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். தந்தையார் இயந்திரப் பட்டறை வைத்திருந்தார். உள்நாட்டுப் போரில் படையில் பணியாற்றிவிட்டுத் திரும்பிய இளைஞர், ஒருமுறை ரயில் பயணத்தில் இரண்டு சரக்கு வண்டிகள் மோதிக் கிடப்பதைக் கண்டார். பகல் வெளிச்சம், நேரான பாதை, டிரைவர்கள் ஒருவரையொருவர் பார்த்தும் இருக்கிறார்கள். பார்த்தும் நிறுத்த நேரமில்லை! அந்தக் காட்சி அவர் மனத்தை விட்டு அகலவில்லை.

எஞ்சினிலிருந்து எல்லாப் பெட்டிகளுக்கும் விசையைக் கொண்டுபோவது எப்படி? சங்கிலியை நினைத்தார், நீண்ட வண்டிக்கு அது ஒத்துவரவில்லை. நீராவியை நினைத்தார்; குழாயில் போகும்போதே அது குளிர்ந்து நீராகிவிடும். இந்த நிலையில் ஒரு பத்திரிகையில், ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து சுரங்கப்பாதை அமைப்பவர்கள் அழுத்தப்பட்ட காற்றைக் குழாய் வழியே நெடுந்தூரம் செலுத்தித் துளைக்கருவிகளை இயக்குகிறார்கள் என்ற செய்தியைப் படித்தார். காற்று குளிர்ந்தாலும் நீராகாதே! விடை கிடைத்துவிட்டது.

அவர் அமைத்த கருவி எளிமையானது. எஞ்சினில் நீராவியால் இயங்கும் காற்றழுத்தி ஒன்று. அழுத்தப்பட்ட காற்றைச் சேமிக்கத் தொட்டி ஒன்று. அங்கிருந்து எல்லாப் பெட்டிகளுக்கும் அடியில் ஓடும் குழாய். ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் உருளையும் பிஸ்டனும். டிரைவர் வால்வைத் திறந்தால் காற்று ஓடிவந்து பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் நெம்புகோல் வழியாகக் கட்டையைச் சக்கரத்தின் மேல் அழுத்தும். பிஸ்டனின் விட்டம் 20 சென்டிமீட்டர் என்றால் பரப்பு சுமார் 314 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு மூன்றரை கிலோ வீதம் அழுத்தினால் மொத்த விசை ஆயிரத்து நூறு கிலோ எடைக்குச் சமம். ஒவ்வொரு பெட்டியிலும் இத்தகைய விசை, ஒரே மனிதரின் கையசைவில்!

நியூயார்க் சென்ட்ரல் ரயில்வேயின் அதிபர் வாண்டர்பில்ட்டிடம் வெஸ்டிங்ஹவுஸ் இதைச் சொல்லப் போனதாகவும், காற்றைக் கொண்டு ரயிலை நிறுத்துவதாகச் சொல்பவனோடு பேச நேரமில்லை என்று அவர் விரட்டிவிட்டதாகவும் ஒரு கதை வழங்குகிறது. அது மெய்யோ கட்டுக்கதையோ, பிட்ஸ்பர்க்கில் நடந்த முதல் சோதனை ஓட்டம் மெய்யாகவே நடந்தது. வண்டி ஒரு சுரங்கத்தைக் கடந்து வெளிவந்தபோது, எதிரே பாதையின் குறுக்கே ஒரு குதிரை வண்டி. வண்டிக்காரர் பாதையிலேயே விழுந்து கிடக்கிறார். டிரைவர் புதிய வால்வைத் திருப்பினார். வண்டிக்காரருக்குச் சில அடி தூரத்தில் ரயில் நின்றது. சோதனைக்கு வந்த கருவி முதல் ஓட்டத்திலேயே ஓர் உயிரைக் காப்பாற்றியது. 1869 ஏப்ரல் 13இல் காப்புரிமை கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 22.

செய்து பாருங்கள்

மருந்துக் கடையில் ஊசி இல்லாத புதிய சிரிஞ்சுகள் இரண்டும் அவற்றில் இறுக்கமாகப் பொருந்தும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றும் வாங்குங்கள். ஒரு சிரிஞ்சின் தண்டை வெளியே இழுத்தும், மற்றதை உள்ளே தள்ளியும் வைத்துக் குழாயால் இணையுங்கள். முதல் தண்டை அழுத்தினால் இரண்டாவது வெளியே நகரும். இதுதான் வெஸ்டிங்ஹவுஸின் முதல் பிரேக். இப்போது குழாயின் நடுவே குண்டூசியால் சில துளைகள் போட்டுவிட்டு மீண்டும் அழுத்துங்கள். காற்று துளை வழியே ஓடிவிடும். மறுமுனையில் அசைவு குறையும், அல்லது இருக்கவே இருக்காது. அந்த முதல் பிரேக்கின் பெரிய குறை என்ன என்று இப்போது புரிகிறதா?

தலைகீழாக ஒரு யோசனை

குழாய் உடைந்தால் பிரேக் இல்லை. வண்டி நடுவே அறுந்து பின்பாதி சரிவில் உருளத் தொடங்கினால் அதை நிறுத்த எதுவும் இல்லை. எந்த நேரத்தில் பிரேக் மிகமிகத் தேவையோ அந்த நேரத்தில் அது கைவிட்டுவிடும்.

1872இல் வெஸ்டிங்ஹவுஸ் இந்த முறையைத் தலைகீழாகத் திருப்பினார். குழாயில் எப்போதும் அழுத்தக் காற்று நிறைந்திருக்கட்டும். அழுத்தம் குறைந்தால் பிரேக் பிடிக்கட்டும் என்றார். இதற்காக ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சிறிய காற்றுத் தொட்டியையும் மூன்று வேலைகள் செய்யும் ஒரு வால்வையும் வைத்தார். வண்டி ஓடும்போது இந்த வால்வு குழாயிலிருந்து தொட்டியை நிரப்புகிறது. டிரைவர் குழாயிலிருந்து கொஞ்சம் காற்றை வெளியே விட்டால் குழாயின் அழுத்தம் தொட்டியின் அழுத்தத்தைவிடக் குறைகிறது. அந்த வேறுபாடே வால்வை நகர்த்தித் தொட்டியின் காற்றைப் பிரேக் உருளைக்குள் அனுப்புகிறது. மீண்டும் குழாயை நிரப்பினால் வால்வு பழைய இடத்துக்குத் திரும்பி, உருளையின் காற்றை 'புஸ்ஸ்' என்று வெளியேற்றிப் பிரேக்கை விடுவிக்கிறது.

குழாய் உடைந்தால்? வண்டி அறுந்தால்? அழுத்தம் தானாகவே இறங்கும். எல்லாப் பெட்டிகளிலும் பிரேக் தானாகவே பிடிக்கும். ஒரு கருவி பழுதானால் அது பாதுகாப்பான பக்கமே விழவேண்டும் என்ற பொறியியல் கொள்கைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. நம் ரயில்களில் அபாயச் சங்கிலியை இழுத்தால் வண்டி நிற்பதும் இதே தத்துவத்தால்தான். சங்கிலி பிரேக் குழாயில் ஒரு வழியைத் திறந்து காற்றைக் கசியவிடுகிறது. மற்றதை அழுத்த வேறுபாடு பார்த்துக்கொள்கிறது.

நம் நாட்டு ரயில்களில் நெடுங்காலம் இருந்தது வெற்றிட பிரேக். அதில் பிஸ்டனைத் தள்ளுவது வளிமண்டலக் காற்று. அதன் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோதான். அதற்கு மேல் எவ்வளவு முயன்றாலும் கிடைக்காது. நீண்ட, கனத்த வண்டிகள் வந்தபோது காற்று பிரேக்குக்கு மாறியதன் காரணங்களுள் இது முக்கியமானது.

பயணிக்கு உண்டு, தொழிலாளிக்கு இல்லை

பயணி வண்டிகளில் காற்று பிரேக் விரைவாகவே பரவியது. பயணி வண்டி மோதினால் மறுநாள் பத்திரிகையில் தலைப்புச் செய்தி. மக்கள் வேறு கம்பெனியின் வண்டிக்குப் போய்விடுவார்கள். சரக்கு வண்டிகளின் நிலை வேறு. 1890 வாக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சரக்குப் பெட்டிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றில்தான் எஞ்சினிலிருந்து இயக்கும் பிரேக் இருந்தது.

கம்பெனிகள் கொடுமைக்காரர்கள் என்று சொல்லி இதை முடித்துவிட முடியாது. அவர்கள் பக்கத்தில் ஓர் உண்மையான சிக்கல் இருந்தது. ஒரு கம்பெனியின் பெட்டி பல கம்பெனிகளின் பாதைகளில் சுற்றிவரும். ஒரே வண்டியில் பத்துக் கம்பெனிகளின் பெட்டிகள் கலந்திருக்கும். நடுவே ஒரு பெட்டியில் குழாய் இல்லாவிட்டால் அதற்குப் பின்னால் உள்ள எந்தப் பெட்டிக்கும் காற்று போகாது. ஆகவே, நான் மட்டும் செலவு செய்து என்ன பயன், எல்லாரும் செய்யட்டும், நானும் செய்கிறேன் என்று ஒவ்வொரு கம்பெனியும் காத்திருந்தது. தொலைபேசி ஊரில் ஒருவரிடம் மட்டும் இருந்தால் அவருக்கு என்ன பயன்? அதுபோலத்தான் இதுவும்.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். பிரேக்குக்குச் செலவு செய்யவேண்டியது கம்பெனி. செலவு செய்யாததால் கை போவது தொழிலாளிக்கு. 1842ஆம் ஆண்டுத் தீர்ப்பின் வழியில் நின்ற சட்டம், அந்தக் கைக்குக் கம்பெனி பெரும்பாலும் விலை தரவேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. நஷ்டம் தன் ஏட்டில் ஏறாதபோது காத்திருப்பது எளிது.

பர்லிங்டன் சோதனை

தொழில்நுட்பச் சிக்கலும் ஒன்று மீதியிருந்தது. 1886, 1887ஆம் ஆண்டுகளில் ஐயோவா மாநிலத்தின் பர்லிங்டன் நகருக்கு அருகே, பெட்டி கட்டும் பொறியாளர்களின் சங்கம் 50 பெட்டிகள் கொண்ட சரக்கு வண்டிகளில் பலவகைப் பிரேக்குகளைச் சோதித்தது. வெஸ்டிங்ஹவுஸின் பிரேக் அங்கே திணறியது. முன்பெட்டிகள் பிரேக் பிடித்துவிட்டன. கடைசிப் பெட்டிகளுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. அவை பின்னாலிருந்து வந்து இடித்த இடியில் உள்ளே நின்றவர்கள் தூக்கியெறியப்பட்டார்கள்.

காரணம் எளிது. 50 பெட்டி வண்டியின் நீளம் சுமார் 600 மீட்டர். அவ்வளவு நீளக் குழாயின் காற்று முழுவதும் எஞ்சினில் உள்ள ஒரே துளை வழியாக வெளியேற வேண்டியிருந்தது. அழுத்தக் குறைவு கடைசிப் பெட்டியை எட்டப் பல விநாடிகள் ஆயின. வெஸ்டிங்ஹவுஸ் சில மாதங்களில் விடை கண்டார். அழுத்தம் குறைந்ததும் ஒவ்வொரு பெட்டியின் வால்வும் அந்த இடத்திலேயே குழாயின் காற்றில் கொஞ்சத்தை வெளியே எடுத்துவிடும்படி செய்தார். ஒரு வால்வு திறந்தால் அடுத்த வால்வு அதை உடனே உணரும். அது திறந்தால் அதற்கடுத்தது. தீபாவளிச் சரவெடியில் ஒரு வெடி அடுத்த வெடியைப் பற்றவைத்துக்கொண்டே போவதைப் பார்த்திருப்பீர்களே, அதேபோல! செய்தி சில விநாடிகளில் கடைசிப் பெட்டியை எட்டியது. அவர் 50 பெட்டி வண்டி ஒன்றை நகரம் நகரமாகக் கொண்டுசென்று மக்கள் முன்னிலையில் இதை நிறுத்திக் காட்டினார்.

பெட்டியை மாட்டும் கொக்கிக்கும் அதற்குள் வழி பிறந்திருந்தது. எலி ஜானி என்பவர் 1873இல் ஒரு தானியங்கிக் கொக்கிக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். இரண்டு கைகளின் விரல்களையும் மடக்கி ஒன்றோடொன்று மாட்டிப் பாருங்கள்; ஏறக்குறைய அதுதான் அதன் வடிவம். பெட்டிகள் மெல்ல முட்டினாலே மாட்டிக்கொள்ளும். நடுவே ஆள் நிற்கத் தேவையில்லை. பொறியாளர் சங்கம் 1887இல் இந்த வகையை ஏற்றது. கொக்கியின் முக்கிய வளைவு வடிவத்தின் மீதிருந்த தனியுரிமை விட்டுக்கொடுக்கப்பட்டதால், பல ஆலைகள் ஒன்றோடொன்று பொருந்தும் கொக்கிகளைச் செய்ய முடிந்தது. இன்று நம் நாட்டுச் சரக்கு வண்டிகளின் முனையில் காணும் நடுக்கொக்கி இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

ஆக 1887 முடிவதற்குள் பிரேக்கும் தயார், கொக்கியும் தயார். இனித் தொழில்நுட்பத்தின் மேல் பழி போட முடியாது.

எண்களும் சட்டமும்

ஐயோவாவில் லாரன்சோ காஃபின் என்று ஒரு விவசாயி இருந்தார். தன் கண்ணெதிரே ஒரு பிரேக்மேன் பெட்டி மாட்டும்போது விரல்களை இழந்ததைப் பார்த்தவர். 1883இல் மாநில ரயில்வே ஆணையராக அமர்ந்ததும் இதையே தம் வாழ்நாள் பணியாக்கிக்கொண்டார். பத்திரிகைகளுக்கு எழுதினார், கூட்டங்களில் பேசினார், பொறியாளர்களின் மாநாடுகளுக்கு அழைப்பில்லாமலும் போய் நின்றார். பர்லிங்டன் சோதனைகளையும் அருகிருந்து கண்டார்.

1887இல் மத்திய அரசு மாநிலங்களுக்கிடை வணிக ஆணையத்தை அமைத்தது. ரயில்வேயில் எத்தனை பேர் இறக்கிறார்கள், எத்தனை பேர் காயமடைகிறார்கள் என்று நாடு முழுவதற்குமான கணக்கை அது திரட்டத் தொடங்கியது. ஓர் ஆண்டில் சுமார் 2,000 ஊழியர்கள் இறந்திருந்தார்கள். 20,000க்கும் மேற்பட்டோர் காயமுற்றிருந்தார்கள். அதுவரை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்த சாவுகள் ஒரே அட்டவணையில் வந்து நின்றன. குடியரசுத் தலைவர் பெஞ்சமின் ஹாரிசன் 1889இல் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில், போர்க்காலப் படைவீரனுக்கு உள்ள ஆபத்தை அமைதிக்காலத் தொழிலாளி சந்திப்பது நம் நாகரிகத்துக்கே இழுக்கு என்ற பொருளில் எழுதினார்.

1893 மார்ச் 2 அன்று ரயில் பாதுகாப்புக் கருவிச் சட்டத்தில் ஹாரிசன் கையெழுத்திட்டார். வண்டியைக் கூரை மேல் ஆள் ஓடாமல் டிரைவரே கட்டுப்படுத்தும் அளவுக்குப் போதுமான பெட்டிகளில் பிரேக் வேண்டும். முட்டினால் தானே மாட்டும் கொக்கி வேண்டும். கழற்றவும் ஆள் நடுவே போகக் கூடாது. இன்னொரு பிரிவு இதைவிட ஆழமானது. சட்டத்துக்கு மாறான பெட்டியில் வேலை பார்த்துக் காயமடைந்தவர், ஆபத்தைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டார் என்று கம்பெனி வாதாட முடியாது. அரை நூற்றாண்டுக்கு முன் ஃபார்வெலுக்கு எதிராக நின்ற வாதங்களுள் முதன்மையானது இவ்வகையில் விலக்கப்பட்டது.

'நீ செய், நானும் செய்கிறேன்' என்ற சிக்கலும் இதோடு தீர்ந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் செய்யவேண்டும் என்று ஆகிவிட்டால் யாரும் காத்திருக்க வேண்டியதில்லையே! வெஸ்டிங்ஹவுஸின் ஆலைக்கும் இதனால் பெரும் சந்தை கிடைத்தது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. சட்டம் தொழிலை நசுக்கிவிடும் என்ற அச்சம் பொய்யானது.

1898 ஜனவரி முதல் நாள் என்று குறித்திருந்த கெடுவைக் கம்பெனிகள் கேட்டுக்கொண்டதால் ஆணையம் 1900 ஆகஸ்ட் முதல் நாள் வரை நீட்டித்தது. 1890களின் தொடக்கத்தில் பெட்டி மாட்டும் வேலையில் மட்டும் ஓராண்டில் 400க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அடுத்த பத்தாண்டில் ஊழியர் தொகை கூடியும் அந்தச் சாவுகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. காயங்கள் அதைவிட வேகமாகக் குறைந்தன. ரயில் போக்குவரத்து பெருகியதால் பிற விபத்துகள் தொடர்ந்தன என்பதும் உண்மை. ஒரு கருவி ஓர் ஆபத்தைத்தான் நீக்கும்.

மீண்டும் பிராமன்டரி

நீட்டித்த கெடு முடிந்து நான்கே நாட்கள். 1900 ஆகஸ்ட் 5. தங்க ஆணி விழா நடந்த அதே பிராமன்டரி. ஜான்சன் என்ற பிரேக்மேனிடம், எஞ்சினை ஓர் உணவுப் பெட்டியோடு மாட்டும்படி சொன்னார்கள். எஞ்சினில் இருந்தது ஜானி கொக்கி. உணவுப் பெட்டியில் இருந்தது வேறு வகைக் கொக்கி. இரண்டுமே தானியங்கிக் கொக்கிகள்தாம். ஆனால் ஒன்றோடொன்று மாட்டாது! ஜான்சன் நடுவே புகுந்து பழைய வளையத்தையும் முளையையும் கொண்டு மாட்ட முயன்றார். மூன்றாவது முயற்சியில் கை நசுங்கியது. அதை வெட்டியெடுக்க வேண்டியதாயிற்று.

கம்பெனி வாதாடியது: சட்டம் பெட்டியைப் பற்றித்தான் பேசுகிறது, எஞ்சின் பெட்டியல்ல, மேலும் இரண்டிலும் தானியங்கிக் கொக்கி இருந்ததே! கீழ் நீதிமன்றங்கள் ஒப்புக்கொண்டன. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1904 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. சட்டத்தின் நோக்கம் மனிதன் பெட்டிகளுக்கு நடுவே போகாமல் காப்பது. எஞ்சினும் அதில் அடங்கும். கொக்கிகள் பெயரளவில் தானியங்கியாக இருந்தால் போதாது. ஒன்றோடொன்று உண்மையாகவே தானே மாட்டவேண்டும். ஜான்சன் பக்கம் நியாயம் நின்றது.

1842இல் ஒரு கை, 1900இல் ஒரு கை. இரண்டுக்கும் நடுவே காற்று பிரேக்கும் தானியங்கிக் கொக்கியும் பிறந்தன. ஆனால் அவை தொழிலாளியிடம் வந்துசேர, புதிதாகப் புனைந்தவரின் மூளை மட்டும் போதவில்லை. சாவுகளை எண்ணிக் காட்டிய கணக்கர்களும், ஊர் ஊராகப் போய்ப் பேசிய ஒரு விவசாயியும், சங்கம் அமைத்த பிரேக்மேன்களும், ஒரு சட்டமும், அந்தச் சட்டத்தை அதன் நோக்கம் அறிந்து படித்த நீதிபதிகளும் தேவைப்பட்டார்கள். நாளை நீங்கள் பொறியாளர் ஆகலாம், நிறுவனம் நடத்தலாம், சட்டம் இயற்றும் இடத்திலும் அமரலாம். உங்கள் முன் ஒரு புதிய கருவி வரும்போது இரண்டு கேள்விகளைச் சேர்த்தே கேளுங்கள்: இது வேலை செய்கிறதா? இது யாருக்குத் தேவையோ அவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டதா?